ஊரைப் பாடமாக்குதல்: ஆசிரியர் பயிற்சி, சூழல், ‘சமுதாயம்’ – சில வரலாற்றுக் குறிப்புகள்

1

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பயிற்சிக் கையேட்டை மொழி பார்த்துக் கொடுப்பதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இப்படிப்பட்ட வேலைகள் அவ்வப்போது வரும். தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கான மூன்று நாள் பணியிடைப் பயிற்சி. தலைப்பு, ‘சுற்றுச்சூழல் கல்வியும் சமுதாயப் பங்கேற்பும்’. ஒற்றுப்பிழை பார்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சி எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்களேன், அப்பத்தான் மொழி பிடிபடும் என்றார்கள். போனேன்.

முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ‘ஊர் வரைபடம்’ என்றொரு செயல்பாடு. குழுவுக்கு ஒரு சார்ட், நாலு ஸ்கெட்ச் பேனா. அவரவர் பள்ளி இருக்கிற ஊரை வரைய வேண்டும். கண்மாய், கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ஆலமரம், ரேஷன் கடை. எல்லா சார்ட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. ஒரு குழுவில் மட்டும் ஒரு ஆசிரியை, ஊர் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, சற்றுத் தள்ளிக் காலனியை வரைந்து, குடிநீர்க் குழாய் எங்கெங்கே இருக்கிறது என்று நீலப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கருத்தாளர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடியே சொன்னார்: “மேடம், இது சுற்றுச்சூழல் தலைப்பு. அதெல்லாம் சமூக அறிவியல்ல வரும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பிளாஸ்டிக் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. கையேட்டில், வரைபடப் பகுதிக்கு அடியில், ‘உங்கள் ஊரில் எந்தத் தெருவில் எத்தனை குழாய்கள் உள்ளன? எங்கே தண்ணீர் முதலில் வருகிறது, எங்கே கடைசியில்?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்து அனுப்பினேன். அச்சாகி வந்தபோது அது இல்லை. யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்கான பிராயச்சித்தம் என்று இந்தக் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம்.

என் கேள்வி இதுதான். ஆசிரியரை ஊரிலிருந்து பிரித்தெடுத்தது எது? பிரித்தெடுத்த பிறகு ‘சமுதாயத்தோடு கூட்டு’ என்று ஒரு பயிற்சி நடத்தி அவரை மறுபடியும் ஊருக்குள் அனுப்புகிறபோது, அந்த ‘சமுதாயம்’ என்கிற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை?

2

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவது வழக்கம். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஆனால் வழக்கமான பெருமூச்சு இல்லாமல்.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. தரம்பால் 1983-இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம்மிடம் எல்லோருக்கும் கல்வி இருந்தது என்கிற வாதம் வலுப்பெற்றது. பட்டியலில் ‘சூத்திரர்’ பிள்ளைகளே பெரும்பான்மை என்பதைத் தரம்பால் அழுத்திச் சொல்கிறார். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் ‘சூத்திரர்’ என்கிற ஒரே பெட்டிக்குள் நிலம் உள்ளவனும் இருக்கிறான், அவனுக்குத் தொழிலூழியம் செய்கிறவனும் இருக்கிறான். பெண் குழந்தைகள் அந்தப் பட்டியலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. சேரிக்குத் திண்ணை இருந்ததா என்று பட்டியல் நமக்குச் சொல்லாது.

திண்ணைப் பள்ளியில் என்ன படித்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரிச்சுவடி, நீதி நூல்கள், நிகண்டு ஆகியவற்றோடு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. பொன்னை நிறுக்கக் கற்றார்கள், நெல்லை அளக்கக் கற்றார்கள், நிலத்தின் குழிக்கணக்கு பெருக்கக் கற்றார்கள். செந்தில் பாபு இந்தக் கணித மரபை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால் இது ‘உள்ளூர்ச் சூழலோடு இணைந்த பாடத்திட்டம்’தான். வாத்தியாரும் உள்ளூர்க்காரர், அல்லது ஊரார் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர். நெல்லும் காசும் காய்கறியுமாக ஊரார் கொடுப்பதில் பிழைத்தவர். ஊரோடு கூட்டு வைக்கச் சொல்லி அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை, அந்தக் கூட்டிலிருந்து தப்பிக்கத்தான் அவருக்கு வழியில்லை. குழிமாற்று யாருடைய நிலத்தை அளந்தது என்று கேட்டால் விஷயம் விளங்கும். நிலம் வைத்திருந்தவனின் நிலத்தை, கணக்குப்பிள்ளையின் தேவைக்காக. சூழலைப் பற்றிய அறிவு அன்றும் அதிகாரத்தைப் பற்றிய அறிவாகவே இருந்தது.

சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு 1789-இல் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது ‘மதராஸ் முறை’ ஆனது. இதை நம் பெருமைக் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். பெல் எடுத்துக்கொண்டு போனது மணலையும் சட்டாம்பிள்ளையையும்தான். நெல்லிலக்கத்தையும் குழிமாற்றையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். உள்ளடக்கத்தைக் கழற்றிவிட்டு உத்தியை மட்டும் ஏற்றுமதி செய்வது என்கிற, நமக்கு இன்றும் பழக்கமான ‘மாதிரிக் கற்பித்தல் முறை’ வணிகம் ஒருவகையில் அங்கே தொடங்கியது.

1854-இன் வுட் அறிக்கை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை வலியுறுத்தியது. 1856-இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தோன்றியது. அதுதான் பின்னால் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியானது. ‘நார்மல்’ என்கிற பெயரை நாம் கவனிக்க வேண்டும். ஆசிரியருக்கு ஒரு நெறி, ஒரு அளவு, ஒரு சான்றிதழ் வந்துவிட்டது. பூக்கோவைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பளம் வாங்குகிற, ஆய்வாளருக்குப் பயப்படுகிற, மாற்றலாகிப் போகக்கூடிய ஆசிரியர் உருவானார். ஊராருடைய தயவிலிருந்து அவர் விடுபட்டார் என்பதும் உண்மை, ஊரின் நிலமும் நீரும் அவருடைய பாடத்திலிருந்து விடுபட்டன என்பதும் உண்மை. அந்த இடத்தில் ‘பொருட்பாடம்’ வந்தது. ஒரு இலை, ஒரு கூழாங்கல், ஒரு கண்ணாடித் துண்டு. மேசைமேல் வைத்து, ‘இது என்ன நிறம்? சொரசொரப்பா, வழவழப்பா?’ என்று கேட்க வேண்டும். எந்த மரத்து இலை, அந்த மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்பது பாடத்துக்கு வெளியே. கருத்தாளர் சொன்ன ‘அதெல்லாம் வேற பாடத்துல வரும்’ என்பதன் கொள்ளுத்தாத்தா இந்தப் பொருட்பாடம்.

3

ஊரை மறுபடியும் பள்ளிக்குள் கொண்டுவர நடந்த முதல் பெரிய முயற்சி 1937 அக்டோபரில் வார்தாவில் தொடங்கியது. காந்தி கூட்டிய மாநாடு, ஜாகிர் உசேன் தலைமையில் குழு, ‘நயி தாலீம்’ எனப்பட்ட ஆதாரக் கல்வி. அதில் பாடங்கள் எல்லாம் மூன்று மையங்களோடு இணைக்கப்பட வேண்டும்: கைத்தொழில், இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல். இன்றைக்குப் பயிற்சிக் கையேடுகளில் புதுசு மாதிரி வருகிற இந்த வார்த்தைகள் எல்லாம் அன்றே இருந்தன. ஆசிரியரையே முழுசாக மாற்றியாக வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். தமிழகத்தில் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் ஆதாரக் கல்வியை ஊக்குவித்தார். 1947-இல் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளாயின. பயிற்சி மாணவர்கள் ராட்டை சுற்றினார்கள், தோட்டம் போட்டார்கள், தெருக்கூட்டினார்கள், கக்கூஸ் குழி வெட்டினார்கள்.

அந்தப் பயிற்சியில் போலி இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ஆசிரியர்களில் சிலர் கடைசி வரை கதர் கட்டி, கடைசி வரை ஊரோடு நின்றிருக்கிறார்கள். சிக்கல் வேறொரு இடத்தில் இருந்தது. கைத்தொழிலைக் கல்வியாக்கியவர்கள், தொழிலுக்கும் சாதிக்கும் இருந்த முடிச்சை அவிழ்க்காமலே அதைக் கையில் எடுத்தார்கள். 1953-இல் அந்த முடிச்சு வெளியே தெரிந்தது.

ராஜாஜி கொண்டுவந்த ‘திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ கிராமப்புறப் பள்ளிகளில் 1953 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து மணிநேரப் பள்ளி மூன்று மணிநேரமானது. இரண்டு முறைகளாகப் பிள்ளைகள் வருவார்கள். மிச்ச நேரத்தில் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும், அல்லது ஊரில் உள்ள விவசாயி, கைவினைஞர் வேலை செய்வதைப் பார்த்துக் கற்க வேண்டும். பணமில்லை, ஆசிரியர் போதவில்லை, கட்டிடம் இல்லை, ஆனால் பிள்ளைகள் அதிகம் சேர வேண்டும் என்கிற நிர்வாகக் கணக்கு அதன் அடியில் இருந்தது. மேலே போர்த்தியிருந்தது என்னவோ ஊர், தொழில், இயற்கை என்கிற அழகான துணி. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெரியார் இயக்கமும் தி.மு.க.வும் அதற்குப் பெயர் வைத்தன. 1953-இன் மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இது. 1954 ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

என் தாத்தா அப்போது மூன்றாம் வகுப்பு. குயவர் குடும்பம். “காலையில பள்ளிக்கூடம், மத்தியானம் மண்ணு மிதிக்கணும். வாத்தியாரே சொல்லிட்டாரு, இதுவும் படிப்புதான்டா-னு. மேலத்தெருப் பயலுக மத்தியானம் வீட்ல உக்காந்து எழுதுவானுங்க” என்று சொல்வார். மண் மிதிப்பது கேவலம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசிவரை சூளைப் பக்கம் போனால் ஒரு சட்டியைத் தட்டிப் பார்க்காமல் வர மாட்டார். எந்தக் குளத்து வண்டல் பானைக்கு ஆகும், எது விரிசல் விடும் என்று அவருக்குத் தெரிந்தது எந்தப் புவியியல் ஆசிரியருக்கும் தெரியாது. ஆனால் அந்த அறிவைப் பள்ளிக்கூடம் அவரிடம் ‘இதுவும் படிப்புதான்’ என்று சொன்னபோது அவருக்குக் கேட்டது, ‘உனக்கு இதுதான் படிப்பு’ என்பது. சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

1953-இன் எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் அப்பா பள்ளி இறுதி வரை போனதும், நான் எம்.ஏ. படித்ததும் அந்த எதிர்ப்பின் பலன்கள். அதே நேரத்தில் அதற்கு நாம் கொடுத்த விலை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசினால் ராஜாஜியை ஆதரிப்பதாகிவிடுமோ என்கிற பயத்தில் பேசாமலே இருக்கிறோம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் என்பது ஊரிலிருந்து வெளியேறுகிற வாசல் என்று ஆனது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஆனால் வாசல் ஒரே திசையில் திறந்தது. ஊரின் நீரும் நிலமும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்கிற கேள்வி பாடத்துக்குள் வருகிற வழியும் அதோடு அடைபட்டது. குலக்கல்வி ஊரை அதன் சாதியோடு சேர்த்துப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அதை விரட்டியபோது ஊரையே விரட்டிவிட்டோம். சாதி மட்டும், வழக்கம்போல, மாணவர் பெயர்ப் பட்டியலில் தங்கிக்கொண்டது.

4

அதன் பிறகு சூழல் நமக்கு வெளியிலிருந்து வந்தது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு, 1975 பெல்கிரேடு, 1977 அக்டோபரில் திபிலீசி. திபிலீசிப் பிரகடனம் ஆசிரியர் பயிற்சியைத் தனியாக எடுத்துப் பேசியது. இந்தியாவில் 1975-இன் பத்தாண்டுப் பள்ளிக் கலைத்திட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் ‘சூழ்நிலையியல்’ என்று ஒரு பாடத்தை வைத்தது. 1984-இல் அகமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையமும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் சி.பி.ஆர். மையமும் வந்தன. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் திறக்கப்பட்டன. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003-இல் மறுபடி கண்டித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2001-02-இல் தேசிய பசுமைப் படை. இவற்றையெல்லாம் ஆண்டுவாரியாக விரிக்க இங்கே இடமில்லை, அவசியமும் இல்லை. ஏனென்றால் இவை எல்லாவற்றிலும் ஆசிரியரின் இடம் ஒன்றேதான்: கடைசிப் படி.

பயிற்சி மேலிருந்து வழிகிறது. மாநில அளவில் சிலருக்கு ஐந்து நாள். அவர்கள் மாவட்டத்தில் மூன்று நாள் எடுப்பார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டார வள மையத்தில் இரண்டு நாள். அங்கே கேட்டவர் குறுவள மையத்தில் ஒரு நாள். ஒவ்வொரு படியிலும் கேள்விகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் முழக்கம் மட்டும் மிஞ்சும். ஜூன் 5-ஆம் தேதி ஊர்வலத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போகிற அட்டையில் இருப்பது இந்தக் கசடுதான். மரம் நடுவோம், மழை பெறுவோம். எங்கே நடுவது, புறம்போக்கு யார் கையில் இருக்கிறது என்று அட்டை கேட்காது.

அல்தூஸர் சொன்ன அர்த்தத்தில் இது கருத்தியலின் வேலையேதான் என்றால் மிகையில்லை. சூழல் கேடு என்பது எல்லோரும் சமமாகச் செய்த தவறு, எல்லோரும் சமமாகத் திருத்திக்கொள்ள வேண்டியது என்று அது நம்மை விளிக்கிறது. குழாயடியில் நாலு குடத்துக்கு ரெண்டு மணிநேரம் நிற்கிற வீட்டுப் பிள்ளையும், ஆழ்துளைக் கிணறு போட்ட வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்’ என்று உறுதிமொழி எடுக்கிறார்கள்.

5

வேறு மாதிரி நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, ரசூலியா நட்பு கிராம மையம் என்கிற இரண்டு அமைப்புகள் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தலை மாற்ற முனைந்தன. 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-இல் அதன் தொடர்ச்சியாக ஏகலவ்யா உருவானது. அங்கே கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வாரக்கணக்கில் பயிற்சிக்கு வந்தார்கள். ‘பால் வைஞானிக்’ பாடநூலில் பிள்ளைகள் செய்ய வேண்டிய சோதனைகளை ஆசிரியர்களே முதலில் செய்து, தோற்று, திருத்தினார்கள். என்னைக் கவர்ந்தது கோடைப் பயிற்சிகூட இல்லை, மாதாந்திரக் கூட்டம். மாதம் ஒருமுறை அந்தப் பகுதி ஆசிரியர்கள் ஒன்றுகூடி, வகுப்பில் என்ன நடக்கவில்லை என்று பேசினார்கள். பாடநூல் அந்தப் பேச்சிலிருந்து திருத்தி எழுதப்பட்டது. பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேள்வி கேட்க ‘சவாலிராம்’ என்கிற ஒரு கற்பனை ஆள் வேறு. முப்பது வருஷம் நடந்த இந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. கூட்டத்தில் பேசிப் பழகிய ஆசிரியர் எந்த அரசுக்கும் வசதியானவர் இல்லை.

இன்னொன்று கேரளம். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களே பெரும் பலம். குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டம் என்று வந்தபோது, தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத் போன்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். காடு அழகானது, காப்பாற்றுங்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த மின்சாரம் யாருக்கு, எத்தனை வேலை கிடைக்கும், வேறு வழியில் கிடைக்காதா என்று கணக்குப் போட்டார்கள். 1979-இல் பரிஷத் வெளியிட்ட மதிப்பீட்டில் உயிரியல்காரரும் பொறியாளரும் பொருளாதாரக்காரரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். 1984-இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பத்து வருஷத்தில் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசி, எதிர்க்கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பிவந்து படித்து மறுபடி போன ஆசிரியர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சூழல் கல்விப் பயிற்சி இந்தியாவில் நடந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

தமிழ்நாட்டிலும் உண்டு. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி. புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தோடு நிற்கவில்லை. கல்குவாரிப் பெண்கள் குத்தகையைத் தாங்களே எடுப்பது வரை போயிற்று. சைக்கிள் விட்ட பெண்களைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், குவாரியைப் பற்றிக் கொஞ்சம் பேர்தான். கல், குத்தகை, கூலி, எழுத்து நான்கும் ஒரே பாடமாக இருந்த தருணம் அது. 1993 முதல் நடக்கிற தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னொரு வழி. பத்திலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து சொந்த ஊரின் ஒரு பிரச்சினையை ஆய்வு செய்ய வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டி ஆசிரியர். நல்ல வழிகாட்டி ஆசிரியர்கள் பலரும் அறிவொளிப் பட்டறையில் உருவானவர்கள் என்பது என் சொந்த அனுபவத்தில் கண்டது.

இவற்றிலும் குறை இருந்தது. அறிவியல் என்கிற கொடி உயரப் பறந்த இடங்களில் சாதி என்கிற சொல் தாழ்ந்த குரலிலேயே உச்சரிக்கப்பட்டது. ஆனால் இந்த எல்லா முயற்சிகளிலும் ஆசிரியர் பயிற்சி ‘பெறுகிறவர்’ என்கிற இடத்திலிருந்து நகர்ந்து, தெரியாததை ஊரோடு சேர்ந்து தேடுகிறவராக ஆனார். கிராம்ஷி பேசிய அறிவுஜீவியின் உருவாக்கத்துக்கு நம் பக்கத்து உதாரணம் தேவையென்றால், பேராசிரியர்களிடம் தேட வேண்டாம், இந்த வாத்தியார்களிடம் தேடலாம்.

6

இனி ‘சமுதாயம்’. பயிற்சிக் கையேடுகளில் இந்தச் சொல் எப்போதும் ஒருமையில் வருகிறது. சமுதாயத்தின் ஒத்துழைப்பைப் பெறுக. சமுதாயத்தின் மரபறிவை மதிக்க. கூடவே ஒரு கட்டம் போட்டு, ‘நம் முன்னோர் குடிமராமத்து செய்து ஏரிகளைக் காத்தனர்’ என்றிருக்கும்.

குடிமராமத்து என்பது ஊரே மகிழ்ச்சியாக மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய திருவிழா இல்லை. அதைச் சட்டமாக்க 1858-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டத்தின் பெயரே ‘மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்’. கண்மாயில் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள். அந்த நீரில் அவர்களுக்குப் பாத்தியதை இல்லை. சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003-இல் வெளியான நூலில், நீர் மேலாண்மை என்பது ஊரின் அதிகார அடுக்கு, கோயில் மரியாதை ஆகியவற்றோடு பின்னிக்கிடப்பதைக் காட்டுகிறார். ஊரின் மரபறிவு அநேகமாக ஊரால் ஒதுக்கப்பட்டவர்களின் அறிவாக இருக்கிறது என்பதுதான் இதில் கசப்பான விஷயம். அதைக் ‘கொண்டாடுகிற’போது யாருடைய பெயரில் கொண்டாடுகிறோம்?

அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி வைத்த கடுமையான விமரிசனத்தை நம் சூழலியல் நண்பர்கள் வாசிப்பதில்லை. வாசித்தாலும், அது வேறு விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது வேறு விஷயமில்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள் என்று எழுதிவைத்தது. நலிந்த பிரிவினருக்கும் இடம் கேட்டது. ‘சமுதாயம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யார் வந்து நாற்காலியில் உட்காருவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயிற்சிக் கையேடு எழுதுகிறவர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுதோறும் 50 மணிநேரத் தொடர் பணித்திறன் மேம்பாடு என்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டுவரை புத்தகப் பையில்லாத பத்து நாட்கள், உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் பிள்ளைகள் போய்க் கற்க வேண்டும் என்கிறது. ‘குயவர்’ என்கிற சொல்லை அந்த ஆவணத்தில் பார்த்ததும் எனக்குத் தாத்தாவின் மிதித்த மண் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் உடனே ‘மறுபடியும் குலக்கல்வி’ என்கிற குரல் எழுந்தது. எழ வேண்டியதுதான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் போய்ப் பழகுவார்களே, இது எப்படிக் குலக்கல்வி ஆகும் என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரே ஒரு பதில். பத்து நாள் களிமண் பிசைந்துவிட்டு ஒரு பிள்ளை காருக்குத் திரும்பும், ஒரு பிள்ளை சூளைக்குத் திரும்பும். அந்த வித்தியாசத்தைப் பற்றி அந்தப் பத்து நாளில் பேச இடம் இருக்கிறதா என்பதுதான் சோதனை.

நான் இங்கே நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் என்றால் சாதி, ஆகவே ஊரைப் பள்ளிக்குள் விடாதே என்பது 1953-க்குச் சரியான பதில், இன்றைக்குப் போதாத பதில். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, கண்மாய் பட்டாவாகிக்கொண்டிருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு தலைமுறை பள்ளியை முடிக்கிறது. ஊரே குரு, மண்ணே ஆசான் என்பது அதைவிட மோசமான பதில். ஊரை ஆசானாக்க வேண்டாம், ஆய்வுப் பொருளாக்குவோம். அல்மோராவில் உத்தராகண்ட் சேவா நிதி 1987 வாக்கில் தொடங்கி உருவாக்கிய பாடத்தில், பிள்ளைகள் தங்கள் ஊருக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு தீவனம் தேவை, காடு எவ்வளவு தருகிறது என்று வீடு வீடாகப் போய் அளந்தார்கள். குழிமாற்று நிலம் வைத்திருந்தவனுக்காக அளந்தது. இது எல்லோருக்குமாக அளக்கிறது. இங்கே அளக்கிறபோது தெருவாரியாக அளக்க வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. ஆசிரியர் பயிற்சி என்று ஒன்று வேண்டுமானால், அப்படி அளந்து வந்த விடையை வைத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்தில் எப்படிப் பேசுவது, பேசினால் வருகிற வம்பை ஆசிரியர்கள் சேர்ந்து எப்படித் தாங்குவது என்பதற்கு வேண்டும். ஹோஷங்காபாத்தின் மாதாந்திரக் கூட்டம் ஏன் தேவைப்பட்டது என்று இப்போது விளங்கும்.

7

காலனியை வரைந்த அந்த ஆசிரியையைப் பிறகு ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். அந்த வரைபட வேலையைத் தன் ஏழாம் வகுப்பில் செய்திருக்கிறார். பிள்ளைகள் நோட்டும் கையுமாகத் தெருத்தெருவாகப் போய்க் குழாய்களை எண்ணியிருக்கிறார்கள், எந்நேரம் தண்ணீர் வருகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். மறுநாள் ஊரிலிருந்து ரெண்டு பேர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் பயந்துபோய், “இது எந்தப் பாடத்துல இருக்கு, காட்டுங்க” என்று கேட்டிருக்கிறார்.

“பயிற்சியில் குடுத்த புக்கை எடுத்துட்டுப் போனேன் சார். வரைபடம் இருந்துச்சு. கொளாய் பத்தி ஒண்ணுமே இல்ல. இருந்திருந்தா ஹெச்.எம். கிட்டக் காட்டியிருப்பேன்” என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. கையேட்டில் இருக்கிற ஒரு வரி யாருக்கும் எதையும் கற்பித்துவிடாது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கற்பிக்காதுதான். ஆனால் ஏற்கெனவே தெரிந்த ஒரு ஆசிரியைக்கு, தெரிந்ததைச் செய்யும்போது கையில் பிடித்துக்கொள்ள ஒரு அரசுக் காகிதம் வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி கையேட்டில் திரும்ப அச்சாக வேண்டும். இந்த முறை அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.